அந்த இஞ்சி எதற்கு?

கேள்வி: எனக்கு ஊர் ஈரோடு. திருநெல்வேலிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இப்போது சென்னையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் சொதி வைப்பேன். ருசிக்குக் குறையில்லை, ஆனால் சாப்பிட்டதும் வயிறு மந்தமாகிவிடுகிறது. “என்னவோ குறையுதே” என்கிறார் கணவர். எதோடு எது சேரும் என்று சொல்கிற புத்தகமோ ஆப்போ இருக்கிறதா? அத்தை எங்களோடுதான் இருக்கிறார். காய் நறுக்கித் தருவார். கேட்டால் சொல்லத் தெரியாது. சொதி என்றால் கேட்காமலே கைப்பிடி இஞ்சியையும் தோல் சீவி வைத்துவிடுவார். அதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: புத்தகம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த இஞ்சி.

கேட்காமலே இஞ்சியைத் தோல் சீவி வைக்கிறவருக்குச் சொல்லத் தெரியாது என்கிறீர்களே, இதைவிட எப்படிச் சொல்வார்? திருநெல்வேலிப் பக்கம் சொதியும் இஞ்சித் துவையலும் சேர்ந்தேதான் இலைக்கு வரும். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் திகட்டும், வயிற்றில் கனமாக உட்காரும். இஞ்சியை எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், புளி, துளி வெல்லம் வைத்து அரைத்துப் பாருங்கள், திகட்டலை முறிக்கும். உங்கள் கணவர் தேடுகிற ‘என்னவோ’ அதுதான். அவரும் அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவர்தானே? அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அடுப்படியை ஆண்டவரைக் காய் நறுக்க உட்கார வைத்துவிட்டு, வாய் திறப்பதில்லை என்று குறை. பெரியவர்களை வைத்துக் காப்பாற்றுவது என்றால் சோறு போட்டு மாத்திரை வாங்கித் தருவது மட்டுமில்லை. அவர் கைப்பக்குவத்துக்கும் வீட்டில் இடம் வேண்டும். அது மகனும் மருமகளும் செய்ய வேண்டிய கடமை, சலுகை இல்லை.

நீங்கள் “எத்தனை ஸ்பூன்?” என்று கேட்டிருப்பீர்கள். கண்ணளவில் சமைத்தவரிடம் அதற்குப் பதில் இருக்காது. “மோர்க்குழம்புக்கு எந்தக் காய் போடட்டும்?”, “கருணைக்கிழங்குக்கு ஏன் புளி?” என்று கேளுங்கள். வெண்பூசணி, சேப்பங்கிழங்கு, வெண்டைக்காய் என்று வரிசையாக வரும். புளி விடாவிட்டால் நாக்கு அரிக்கும் என்பதும் வரும். அதை நோட்டில் எழுதிவையுங்கள்.

சரி, புத்தகம். நிக்கி செக்னிட் எழுதிய ‘தி ஃப்ளேவர் தெசாரஸ்’ 2010-இல் ஆங்கிலத்தில் வந்தது. 99 சுவைகளை ஜோடி ஜோடியாகப் பேசும், தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒரே மாதிரி வாசனைச் சத்துள்ள பொருள்கள்தான் சேரும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பி நம் அடுப்பில் இறங்காதீர்கள். 2015-இல் ஜோத்பூர் ஐஐடியில் 2,500-க்கும் மேற்பட்ட இந்தியச் செய்முறைகளை அலசியபோது நேர்மாறாக வந்தது. நாம் பெரும்பாலும் ஒத்துப்போகாதவற்றைத்தான் சேர்க்கிறோம்; அதில் மசாலாப் பொருள்களுக்குப் பெரிய பங்கு. ஆப் எதையும் நான் சிபாரிசு செய்வதாக இல்லை.

வருகிற ஞாயிறு கரண்டியை அத்தையிடம் கொடுத்துவிட்டு அரிவாள்மனையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பால் எப்போது, எலுமிச்சை எப்போது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். செல்போன் ஹாலில் இருக்கட்டும். தேங்காய் துருவுவது உங்கள் கணவர் வேலை. ஒரு மூடியோடு எழுந்து போக விடாதீர்கள்.