கதவுக்குப் பின்னால் நிற்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. ஜூன் மாதம் ப்ளே ஸ்கூலில் சேர்க்க வேண்டும். டயபர் போடாமல்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதமாகப் பழக்குகிறேன். ஒன்றுக்கு வந்தால் ஓரளவு சொல்கிறான். ஆய் வந்தால் மட்டும் சொல்வதே இல்லை. குழந்தைகள் ஆய் போகும் சீட்டில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். எழுந்ததும் பெட்ரூம் கதவுக்குப் பின்னால் போய் நின்று ஜட்டியிலேயே போய்விடுவான். சில சமயம் மூன்று நாள்கூடப் போகமாட்டான். என் மாமியாரோ, தன் பிள்ளைகள் ஒரு வயதிலேயே பழகிவிட்டதாகத் தினமும் சொல்லிக்காட்டுகிறார். என் கணவருக்கு அந்த வாடையே ஆகாது, குமட்டும். ‘ச்சீ’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். மற்றபடி பையன்மேல் உயிர். இவன் ஏன் இப்படி இருக்கிறான்? எப்போதுதான் பழகுவான்?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ‘ச்சீ’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதிய கையோடு எப்படியம்மா அடுத்த வரிக்குப் போக முடிந்தது உங்களால்? பள்ளிக்கூடத்தை விடுங்கள், மாமியாரை விடுங்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

உங்கள் பையன் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறானே, அந்த அப்பாதான் இவன் ஜட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகிறார். இந்த வயசுப் பிள்ளைக்கு ஆய் வேறு, தான் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அப்பா என்னைப் பார்த்துத்தான் ச்சீ என்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வான். அப்புறம் ஏன் கதவுக்குப் பின்னால் போய் நிற்கமாட்டான்? ஒளிந்துகொண்டு ஆய் போவது பல பிள்ளைகள் செய்வதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒளிவதற்கு ஒரு காரணத்தை நீங்களே செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழகாத பிள்ளை நடுக்கூடத்தில் விளையாடிக்கொண்டே போய்விடும். இவனுக்கு வருவது தெரிகிறது. அடக்கவும் தெரிகிறது. தனக்கென்று ஓர் இடம் பார்த்துப் போகவும் தெரிகிறது. பாதிக்கு மேல் பழகிவிட்டான். இனி அவன் கற்றுக்கொள்ள வேண்டியது, ‘அம்மா, ஆய் வருது’ என்று பயமில்லாமல் சொல்வதைத்தான். முகம் சுளிக்கும் வீட்டில் எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லாது.

மூன்று நாள் போகமாட்டான் என்று போகிற போக்கில் எழுதியிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அடக்க அடக்க, குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டியாகிவிடும். போகும்போது வலிக்கும். ஒருமுறை வலித்த பிள்ளை அடுத்தமுறை இன்னும் இறுக்கி அடக்கும். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க விறைப்பாக நிற்கிறானா? முக்குகிறான் என்று நினைக்காதீர்கள், அடக்குகிறான். கட்டிக்குப் பக்கவாட்டில் தண்ணியாகக் கசிந்து ஜட்டியில் அடிக்கடி கறை படிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்றும் நினைக்காதீர்கள். அதுவும் மலச்சிக்கல்தான்.

இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தை இளக்கும் மருந்து கொடுப்பார். நாலு நாள் ஒழுங்காகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள், அவர் சொல்கிற வரைக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். வலித்தது அவனுக்கு மறக்க வேண்டாமா? வீட்டில் யாராவது வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ எடுத்துக்கொண்டு வந்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையைப் பிடித்து அமுக்கிச் செய்கிற வைத்தியம் அது. பால் எவ்வளவு குடிக்கிறான் என்றும் பாருங்கள். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் குறையுங்கள். வயிற்றைப் பால் நிரப்பிவிட்டால் கீரையும் கொய்யாவும் பப்பாளியும் எங்கே போகும்?

அந்த அரைமணி நேர உட்காரலை இன்றோடு நிறுத்துங்கள். அது அவனுக்குத் தண்டனை. காலையில் சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரம் பார்த்து ஐந்து நிமிஷம் உட்காரவையுங்கள், போதும். பாதம் தொங்கக் கூடாது. தரையில் எட்ட வேண்டும், எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு மனைக்கட்டையைப் போடுங்கள். கால் ஊன்றினால்தான் முக்க வரும். வரவில்லையா, சரி என்று எழுப்பிவிடுங்கள். ஏதும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தின்மேல் குழந்தையை உட்காரவைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுத்துப் போகவைத்த தலைமுறை அது. பிள்ளையின் நேரமும் முகக்குறியும் அவருக்கு அத்துப்படி. அன்று பழகியவர் அவர்தான். பிள்ளை தானே வந்து சொன்னது பிறகுதான் நடந்திருக்கும். 1962இல் பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், அவசரப்படுத்தாமல் பழக்கிய 1,170 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். பகலில் நனைக்காமல் இருக்கச் சராசரியாக இருபத்தெட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சராசரிதான் அது, மூன்று வயது தாண்டியவர்களும் உண்டு. உங்கள் பையனுக்கு முப்பத்து மூன்று மாதம். ஒன்றுக்குச் சொல்ல ஆரம்பித்து ஆய்க்குப் பல மாதம் கழித்துப் பழகுகிற பிள்ளைகள் ஏராளம். ஜுரம் வந்தாலும் புதுப் பள்ளிக்கூடம் போனாலும் கொஞ்ச நாள் பின்னால் போவான். ராத்திரி நனைப்பதை ஐந்து வயது வரை கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தெரியாமல் போய்விட்டால் யார் கழுவிவிடுவார்கள், என்ன சொல்லிக் கழுவிவிடுவார்கள்? அந்த ஆயாம்மாவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

இனி உங்கள் கணவர். ‘அவருக்குக் குமட்டும்’ என்று அவருக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பவர் நீங்கள். உங்களுக்கு மட்டும் அது மல்லிகைப்பூவாகவா மணக்கிறது?

என் மாமனார் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைக் கழுவிவிட்டது என் கணவர். முதல் நாள் பாதியில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். முற்றத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்து, வேட்டி முனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப உள்ளே போனார். ‘ஒண்ணுமில்லப்பா, வெயில்ல தலை சுத்திடுச்சு’ என்று தன் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. குமட்டல் உடம்பில் வருவது, அதை யாரும் தடுக்க முடியாது. அதைப் பெற்றவரிடமும் பெற்ற பிள்ளையிடமும் காட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. தகப்பன் என்பவனுக்கு இது கட்டாயக் கடமை என்று நான் நினைக்கிறேன். வாடை வரும்போது பால்கனி, வாடை போனதும் கொஞ்சல் என்றால், பையன்மேல் உயிர் என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கமாட்டேன்.

இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டதும் பையனை உட்காரவைப்பது அவர் வேலை. அவனுக்கு எதிரே மனைக்கட்டை போட்டு அவரும் உட்காரட்டும். கதை சொல்லட்டும், ‘ஆய் போனா வயிறு லேசா இருக்கும்டா தங்கம்’ என்று சொல்லட்டும். வந்தால் அவரே கழுவிவிடட்டும். பக்கெட்டையும் மக்கையும் எடுத்து வைத்துவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள். கூப்பிட்டாலும் வராதீர்கள்.