பதினைந்து பேருக்கு நாலு பக்கம், தம்பிக்கு ஒரு வரி

கேள்வி: எனக்கு வயது 27. வீடு வியாசர்பாடி, மணலியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஃபேண்டசி பிரீமியர் லீக் ஆடுகிறோம். இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களில் பதினைந்து பேரை விலைக்கு எடுத்து டீம் போட்டால், நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் பாயின்ட் சேரும் ஆன்லைன் ஆட்டம் அது. பணப் பந்தயம் கிடையாது. மே மாதம் கடைசி இடத்தில் இருப்பவன் மற்ற ஒன்பது பேருக்கும் பிரியாணி வாங்கித் தரணும், அவ்வளவுதான். நவம்பரில் நான் இரண்டாவது இடம். 19 கேம் வீக், அதாவது 19 சுற்று ஆட்டம் முடிந்த நிலையில் ஏழாவது. முதல் ஆளுக்கும் எனக்கும் 61 பாயின்ட் வித்தியாசம். இப்போது கலக்கிக்கொண்டிருக்கும் பிளேயர் யாரும் என் டீமில் இல்லை. நான் எடுத்தால் அடங்கிவிடுகிறான், விற்றால் கோல் அடிக்கிறான். இலவச ஆள் மாற்றத்துக்கு மேல் இதுவரை 11 எக்ஸ்ட்ரா டிரான்ஸ்பர் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்ததும், டீமை மாற்றக் கடைசி நேரமான நாலரை மணி டெட்லைன் வரை போனும் கையுமாகத்தான் இருக்கிறேன். அப்படியும் கடைசி ஐந்து நிமிடத்தில் இரட்டைப் பாயின்ட் தரும் கேப்டனை மாற்றி இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். தம்பிக்கு முல்லை நகர் கிரவுண்டில் நாலு மணிக்கு மேட்ச் இருக்கும், டெட்லைன் நேரம் என்பதால் அந்தப் பக்கம் போவதில்லை. அப்பா தவறிய பிறகு எனக்கு இந்த ஆட்டம்தான் ஆறுதல். இரண்டாம் பாதிக்கு யாரை எடுக்கலாம், சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும் படித்தேன். இங்கே அச்சிட்டிருப்பது அதன் சுருக்கம். பதினைந்து பிளேயருக்கும் வாங்கிய விலை, இன்றைய விலை, கடைசி ஐந்து ஆட்டத்தில் ஆடிய நிமிடம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு ஒரே ஒரு வரி. அவனுக்கு என்ன வயது, எந்த டீமுக்கு ஆடுகிறான், எந்தப் பொசிஷன், எதுவும் இல்லை. அந்த ஒரு வரியையும் அவனுக்காக எழுதவில்லை. டெட்லைனை எவ்வளவு ஒழுங்காகக் காத்துக் கிடக்கிறீர்கள் என்று காட்ட எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாலு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? பிரீமியர் லீகில் இறங்கப் போகும் பதினொரு பேர் யார் என்று அணிகள் அறிவிப்பது ஆட்டம் தொடங்க 75 நிமிடம் இருக்கும்போது. உங்கள் டெட்லைன், அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால். சனிக்கிழமை முதல் ஆட்டம் அவர்களுக்கு மதியம் 12.30, இந்தக் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6. டெட்லைன் 4.30. லைன் அப் வருவது 4.45. நீங்கள் காத்திருக்கும் செய்தி கதவைச் சாத்திய பிறகுதான் வருகிறது. நாலுக்கும் நாலரைக்கும் நடுவே கிடைப்பது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி. அதை நம்பித்தான் கேப்டனை மாற்றுகிறீர்கள், மாட்டுகிறீர்கள்.

உருப்படியான தகவல் அதற்கு முந்தின நாளே வந்துவிடும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு மேனேஜர்கள் பெரும்பாலும் வியாழன், வெள்ளியில் நிருபர்களிடம் பேசிவிடுகிறார்கள். யாருக்குத் தொடைத் தசைப் பிடிப்பு, யார் பயிற்சிக்குத் திரும்பிவிட்டார் என்பதெல்லாம் நம் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் தெரிந்துவிடும். சாப்பிட்டு எழுந்ததும் இருபது நிமிடம் உட்காருங்கள். டிரான்ஸ்பர், கேப்டன், வைஸ் கேப்டன், பெஞ்ச் வரிசை நான்கையும் முடித்துவிட்டுப் போனைக் கீழே வையுங்கள். வெள்ளி இரவே முதல் ஆட்டம் இருக்கும் வாரங்களில் டெட்லைன் நள்ளிரவு 12 மணி வாக்கில் வரும். அந்த வாரம் சனிக்கிழமை முழுசும் உங்கள் கையில் இருக்கிறது.

கடைசி நேரத்தில் ஒருவன் ஆடாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் உங்களை அங்கேயே உட்கார வைக்கிறது. அதற்குத்தான் பெஞ்ச். முதல் பதினொன்றில் ஒருவன் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை என்றால், நீங்கள் வைத்திருக்கும் வரிசைப்படி பெஞ்சிலிருந்து ஆள் தானாக உள்ளே வருவான். குறைந்தது மூன்று டிஃபெண்டர், ஒரு ஃபார்வர்டு இருக்க வேண்டும் என்ற விதி கெடாத வரை. அதனால் பெஞ்சில் முதல் ஆளாக வாராவாரம் 90 நிமிடம் ஆடுபவனை வையுங்கள், அவன் 4.5 மில்லியன் விலையுள்ள மலிவான டிஃபெண்டராக இருந்தாலும் பரவாயில்லை. கேப்டன் இறங்காவிட்டால் இரட்டைப் பாயின்ட் வைஸ் கேப்டனுக்குப் போகும், அதனால் அவனை வேறு ஆட்டத்திலிருந்து எடுங்கள். ஒரே ஆட்டத்திலிருந்து இருவரையும் வைத்து அந்த ஆட்டம் ஒத்திப்போனால் இரண்டு பேரும் போச்சு. இன்னொன்று, கேப்டன் 89-ஆவது நிமிடத்தில் இறங்கினாலும் வைஸ் கேப்டனுக்கு இரட்டைப் பாயின்ட் கிடைக்காது. காயத்திலிருந்து இப்போதுதான் எழுந்து வருபவனைக் கேப்டனாக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் கடைசி வரை இங்கிலாந்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த மாதங்களில் சனிக்கிழமை டெட்லைன் நமக்கு மூன்றரைக்கே முடிந்துவிட்டது. முல்லை நகர் உங்களுக்குத் தூரம் இல்லை. நாலு மணி மேட்ச்சுக்குப் போக அப்போது என்ன தடை? அப்போதாவது போனீர்களா? போனவர் கடிதம் இப்படி இருக்காது.

அப்பா தவறிய பிறகு இந்த ஆட்டம்தான் ஆறுதல் என்கிறீர்கள். அப்பா உங்களுக்கு மட்டுமா போனார்? அவனுக்கும்தானே போனார். உங்களுக்கு ஒன்பது நண்பர்கள், ஒரு லீக், சனிக்கிழமை முழுசும் பேச்சு. அவன் மேட்ச் ஆடும்போது கோட்டோரம் நிற்க வீட்டு ஆள் யார்? சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டால் அண்ணன் வேலை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் சம்மதமே இல்லை. அப்பா இல்லாத வீட்டில் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதும், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்காருவதும், மேட்ச் என்றால் போய் நிற்பதும் மூத்தவன் தலையில்தான் விழும். உங்களை யாரும் கேட்டுவிட்டு மூத்தவனாகப் பெறவில்லை, உண்மைதான். அதற்காக அது உங்கள் கடமை இல்லை என்று ஆகிவிடாது. தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அந்தத் தம்பி இறங்கும் களத்தை எட்டிப் பார்க்காதவனுக்கு அந்தப் பழமொழி எப்படிப் பொருந்தும்?

வியாசர்பாடி கிரவுண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனபால் கணேஷ் அந்தப் பகுதியிலிருந்து போய்த்தான் 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சியின் நடுக்களத்தில் ஆடினார். உங்கள் தம்பி அந்த உயரத்துக்கு வருவானா என்பது என் கவலை இல்லை. பெஞ்சில் உட்காரும் பையனாக இருந்தாலும் நீங்கள் போகத்தான் வேண்டும்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் இரண்டு கேம் வீக் ஓடியிருக்கும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் 44 பாயின்ட் கணக்கு. எக்ஸ்ட்ரா டிரான்ஸ்பர் ஒன்றுக்கு 4 பாயின்ட் பிடிப்பார்கள், 11-க்கு 44. ஃபார்வர்டு ஒரு கோல் அடித்தால் கிடைப்பதும் 4 பாயின்ட்தான். ஆக 11 கோலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். வெளியே போனவனும் உள்ளே வந்தவனும் சும்மா ஆடி ஆளுக்கு 2 பாயின்ட் எடுத்தால் உங்களுக்கு மிச்சம் நஷ்டம் 4. வந்தவன் போனவனைவிட 4 பாயின்ட் கூட எடுத்தால்தான் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். விற்கிறவன் காயத்தால் ஆடவே மாட்டான், பெஞ்சிலும் ஆள் இல்லை என்ற நிலை தவிர இனி இப்படி 4 பாயின்ட் பறிகொடுக்கும் ஹிட் ஒன்றுகூட வேண்டாம். வாரம் ஒரு டிரான்ஸ்பர் இலவசம், ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். 61 பாயின்ட்டை மீதி 19 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு மூன்று சொச்சம். இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

சீசன் பாதியில் உச்சத்தில் இருப்பவனின் மொத்தப் பாயின்ட் ஏற்கெனவே மற்றவன் வாங்கிவிட்ட சரக்கு. உங்களுக்கு வரப் போவது அடுத்த வாரத்திலிருந்துதான். செல்சி வீரர் கோல் பால்மர் (Cole Palmer) 2023-24 சீசனில் 244 பாயின்ட் எடுத்து முதலிடத்தில் இருந்தவர். அடுத்த சீசனின் முதல் பாதியிலும் பிரமாதம். 2025 ஜனவரி 14 அன்று போர்ன்மவுத்துக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அதற்கடுத்த லீக் கோல் மே 4 அன்று லிவர்பூலுக்கு எதிராக, அதுவும் பெனால்டி. ஜனவரியில் அவரை வாங்கியவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட் 20 கோல், பிரென்ட்ஃபோர்டின் எம்பெமோ 20 கோல். 6, 7 மில்லியனில் தொடங்கியவர்கள், கடைசி வரை ஓடினார்கள். ஏன் என்று பாருங்கள். எம்பெமோ 38 ஆட்டத்திலும் இறங்கினார். அதுவரை பெனால்டி அடித்த டோனி கிளப்பைவிட்டுக் கிளம்பிப் போனதால் பெனால்டியும் அவரிடம் வந்தது. வுட்டும் பெனால்டி அடிப்பவர். இரண்டு கிளப்புக்கும் அந்த சீசனில் ஐரோப்பிய ஆட்டம் கிடையாது, அதனால் வாரநடுவில் ஆடிக் களைத்துப் பெஞ்சில் உட்கார வேண்டிய நிலை வரவில்லை. நீங்கள் தேட வேண்டியவை இவைதான்: கடைசி ஆறு ஆட்டத்தில் நிமிடம், பெனால்டி யார் கையில், செவ்வாய் புதனில் ஆட்டம் உண்டா, அடுத்த ஐந்து எதிரணிகள் யார். பாக்ஸுக்குள்ளிருந்து எத்தனை ஷாட் அடிக்கிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு ஆட்டத்தில் ஐந்தே ஷாட் அடித்து நாலு கோல் போட்டவன் அடங்கத்தான் செய்வான். நீங்கள் வாங்கியதால் அடங்கவில்லை.

விலையிலும் ஒரு பொறி இருக்கிறது. 6.5-க்கு வாங்கியவன் 6.9-க்கு ஏறினால் விற்கும்போது 6.7தான் கிடைக்கும், ஏற்றத்தில் பாதி. அவனையே திரும்ப எடுக்க 6.9 வேண்டும். விற்று விற்று வாங்கியதில் உங்கள் டீமின் மதிப்பு எங்கே போனது என்று இனி தேட வேண்டாம்.

பத்துப் பேர் லீகில் உலகப் பட்டியலைப் பார்த்து ஆடக் கூடாது. டெட்லைன் முடிந்ததும் மற்ற ஒன்பது பேர் டீமும் திறந்திருக்கும். ஒரு பிளேயர் ஏழெட்டுப் பேரிடம் இருந்தால் அவனை எடுத்து மேலே ஏற முடியாது, ஆனால் எடுக்காவிட்டால் இறங்குவீர்கள். அவனை முதலில் வாங்குங்கள். ஏறுவதற்கு ஒருவரிடமோ இருவரிடமோ மட்டும் இருக்கும் இரண்டு பேர் போதும். 20-ஆவது கேம் வீக்கிலிருந்து, டீமை முழுசாக இலவசமாக மாற்றும் வைல்ட்கார்டு உட்பட எல்லா சிப்பும், அதாவது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சலுகைகளும், புதிதாகக் கிடைத்திருக்கிறது. உடனே செலவழிக்காதீர்கள். கோப்பை ஆட்டங்களால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போய் ஒரு வாரத்தில் சில அணிகளுக்கு இரண்டு ஆட்டம் வரும். பெஞ்சில் இருப்பவர்கள் பாயின்ட்டையும் சேர்த்துத் தரும் பெஞ்ச் பூஸ்ட் சிப் அந்த வாரத்துக்கு.

இனி சனிக்கிழமை. மூன்றே முக்காலுக்கு கிரவுண்டில் இருங்கள். போன் பாக்கெட்டில். கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். 2025-26 சீசனில் வந்த டிஃபென்சிவ் கான்ட்ரிபியூஷன் (தடுப்பாட்டப் பங்களிப்பு) விதி உங்களுக்கு மனப்பாடம்: டிஃபெண்டர் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் சேர்த்து 10 செய்தால் 2 பாயின்ட். மிட்ஃபீல்டர், ஃபார்வர்டு என்றால் பந்தை மீட்டெடுப்பதையும் சேர்த்து 12. இந்த விளையாட்டில் சமீபத்தில் வந்த நல்ல மாற்றம் இது என்பேன், கோல் அடிக்காதவன் உழைப்பையும் யாரோ எண்ணுகிறார்கள். அதே கணக்கைத் தம்பிக்கு எடுங்கள். ஒவ்வொரு டேக்கிளுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. கோட்டோரம் நின்று அவனுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்காதீர்கள், அதற்குக் கோச் இருக்கிறார். மேட்ச் முடிந்து அவன் ஸ்டட்ஸைக் கழற்றும்போது தண்ணீரைக் கொடுத்துவிட்டு நோட்டைக் காட்டுங்கள். தோற்றிருந்தாலும் காட்டுங்கள். ஆறு மணி ஆட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே வீடு திரும்பலாம்.

ராத்திரி எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். 61 பாயின்ட் என்ன ஆயிற்று என்று வேண்டாம். அவன் எந்தப் பொசிஷன், எத்தனை கோடு விழுந்தது, அது போதும்.