அடுப்பில் ஈயம் உருக்கலாமா?

கேள்வி: நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கவுன்சில் ஃபிளாட்டில் இருக்கிறோம். மூன்று வயது மகன் ஜன்னலில் உரியும் பெயிண்டைப் பிய்த்து வாயில் போடுகிறான். என் கணவர் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பதும் எங்கள் சமையலறை அடுப்பில்தான். "அப்பாவும் இப்படித்தான் செய்தார், யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறார். பையனும் நன்றாக ஓடியாடுகிறான். பயப்பட வேண்டுமா?
— ஒரு தாய்

பதில்: ஆமாம் சகோதரி, முதலில் அந்த அடுப்பு வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், பெயிண்டுக்கு அப்புறம் வருவோம். ஈயத்தை உருக்கும்போது வரும் புகையும் மேலே திரளும் கசடின் தூளும் தரை, மேசை, துணி என்று எல்லாவற்றிலும் படியும், அதே தரையில் விளையாடிவிட்டு விரல் சூப்பும் பிள்ளைக்கு நேராக வயிற்றுக்குள் போய்விடும். வெஸ்டர்ன் கேப் மீனவக் கிராமங்களில் வீட்டிலேயே குண்டு வார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைத் தென் ஆப்பிரிக்க மருத்துவ ஆய்வு மன்றத்தினர் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும், அதனால் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பேரனுக்குப் பொருந்தாது. ஓடியாடுகிறான் என்பதும் ஆறுதல் இல்லை. பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது, பள்ளிக்கூடம் போன பிறகுதான் படிப்பில் கவனம் நிற்காதது தெரியவரும், அப்படிப் போன மூளைத்திறன் திரும்பி வராது.

இந்த வாரமே கிளினிக்கில் ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே என்றால் பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை. இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தால் உடல் ஈயத்தை அதிகம் இழுக்கும்.

சரி, பெயிண்ட். இங்கே பெயிண்டில் ஈயத்துக்கு 600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 600 பங்கு) என்று சட்டம் வரம்பு வைத்ததே 2009-ல்தான், சாட்ஸ்வொர்த் வீடுகளோ 1960-களில் எழும்பியவை, அதனால் உங்கள் ஜன்னல் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தூசி கிளம்பினால் நிலைமை இன்னும் மோசம். உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாகத் துடையுங்கள், பையனின் கட்டிலை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். சரிசெய்து தரும்படி கவுன்சிலுக்கு எழுதுங்கள், பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வாடகை வாங்குகிறவர்கள்தான் இதைச் செய்து தர வேண்டும், உங்கள் பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்துத்தான் ஜன்னலின் நிலை தெரிய வேண்டும் என்பது அநியாயம்.

ஈயம் உருக்கிய சட்டியில் இனி சமைக்க வேண்டாம், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சரி. உங்கள் கணவர் மீன்பிடிக்கப் போகட்டும், குண்டைக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும், அதையும் தொட்ட கையைக் கழுவிவிட்டுப் பையனைத் தூக்கட்டும்.