பிள்ளை பெற்ற வீட்டில் கணவரின் வேலை

வாசகர் கேள்வி பதில்

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் கணவன்மார்கள். கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டோம்.

குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. மனைவி தேவகோட்டையில் தாய்வீட்டில் இருக்கிறாள். நான் சனி, ஞாயிறு போய்வருகிறேன். குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. 'நான் நல்ல அம்மா இல்லை, பிள்ளையை உங்க ஆத்தாகிட்ட கொடுத்துடுங்க' என்று அழுகிறாள். அவளுடைய ஆயா (பாட்டி), 'பச்சை உடம்புக்காரியை ஏதோ அண்டியிருக்கு, வேப்பிலை அடிக்கணும்' என்கிறார். நான் என்ன செய்வது?
— வாசகர், காரைக்குடி

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாத அழுகை பாதிப் பேருக்கு மேல் வரும். கர்ப்பகால ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். ஏழாவது வாரத்து அழுகை அந்தக் கணக்கில் வராது. தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராததும், தன்னைத்தானே பழிப்பதும் சேர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிகிச்சையால் குணமாகிற நோய்தான்.

ஆயாவோடு சண்டை போட வேண்டாம். அவர் பயத்தில் சொல்கிறார். திருநீறு பூசட்டும், கையில் மந்திரித்த கயிறு கட்டட்டும், உங்கள் மனைவிக்குச் சம்மதமென்றால் அதில் கெடுதல் இல்லை. ஆனால் வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, இரவு முழுக்க உட்கார வைப்பது இவற்றுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தூக்கம் கெட்டால் இந்த நோய் ஏறும். தூக்கத்தைக் கெடுக்கத்தான் இந்தச் சடங்குகள் உதவும். குழந்தையின் கழுத்திலும் கயிறு வேண்டாம், இறுக்கிவிடும்.

அடுத்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் என்று 1987இல் வந்த பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கடந்த ஏழு நாட்களை நினைத்து மனைவியே பதில் குறிக்க வேண்டும், பக்கத்தில் நின்று நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது, மாமியாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 30. கூட்டுத்தொகை 10ஐத் தொட்டாலே டாக்டரைப் பாருங்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த எண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே கிளம்புங்கள். தாள் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'நல்லவேளை, கேட்டீங்க' என்று பலர் மனம் திறப்பதே அப்போதுதான்.

டாக்டரிடம் போகும்போது நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியிலிருந்து மாற்றம், ஒரு நாளில் எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன மருந்து லேகியம் சாப்பிடுகிறார், முன்பு அவருக்கோ குடும்பத்திலோ மனநோய் இருந்ததா. கடைசியை மறைக்காதீர்கள். ஒரே ஆளுக்கு அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இருந்தால், வெறும் மனச்சோர்வு மாத்திரை நிலையை மோசமாக்கக்கூடும். சம்பந்தி வீட்டில் பேச்சு வருமே என்று இந்தத் தகவலைத்தான் பல குடும்பங்கள் விழுங்கிவிடுகின்றன. ஹீமோகுளோபின், தைராய்டு (டி.எஸ்.ஹெச்.) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு குழம்புவது உண்டு, ரத்தசோகை இங்கே சாதாரணம், இரண்டும் மனச்சோர்வு போலவே காட்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்பும் முன் பேசிப்பார்க்க, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, நாள் முழுக்க உண்டு, தமிழில் பேசலாம்.

இனி இரவு. தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கத்துக்கு ஈடான மருந்து கிடையாது. அதைக் காவல் காப்பதுதான் உங்கள் முதல் வேலை, ஆகவே வார இறுதி விருந்தாளியாகப் போய்வருவது போதாது. விடுப்பு எடுங்கள், முடியாவிட்டால் தினமும் வேலை முடிந்து தேவகோட்டைக்கே போய்விடுங்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒன்பது மணிக்கு அவர் பால் கொடுத்ததும் குழந்தை உங்கள் அறைக்கு. நடுவில் விழித்தால், முன்பே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் 60 முதல் 90 மி.லி. கொடுங்கள். பால் இருக்கும் கிண்ணத்தைச் சுடுநீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். கொதிக்க வைத்த சங்கில், குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஊற்றினால் புரையேறும். ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் அவர் எழுந்து கொடுக்கலாம், ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் உங்களுடையது. மார்பு கட்டி வலித்தால் மட்டும் நடுவில் ஒருமுறை பீய்ச்ச வேண்டியிருக்கும். குழந்தை எடை ஏறாமல் இருந்தால் இந்த ஏற்பாட்டைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பகலில் இன்னொன்று. பிள்ளை பெற்றவளை வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டு உள்ளறையில் இருட்டில் படுக்க வைக்கும் வழக்கம் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. கட்டிலை, முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவுப் பக்கம் மாற்றுங்கள். முற்றத்து வெளிச்சத்தில் காலையில் அரை மணி நேரம் உட்காரட்டும், சாயங்காலம் பத்து நிமிடம் உங்களோடு தெருவில் நடக்கட்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்களை முகப்பிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பும் பொறுப்பு உங்களுடையது. 'தூங்குறா' என்று சொல்ல வெட்கமே வேண்டாம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கிறார்களா என்று பாருங்கள். பால் கொடுக்கிறவர் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மலச்சிக்கலும் தலைவலியும் வந்து இருக்கிற சோர்வு இரட்டிப்பாகும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பியுங்கள்.

அவள் அழும்போது என்ன பேசுவது? 'எல்லாம் சரியாகிவிடும்' என்றால் இன்னும் அழுகிறாள்.
— வாசகர், பள்ளத்தூர்

அப்படிச் சொன்னால் அழத்தான் செய்வார். 'உனக்கு என்ன குறை', 'ஊரில் யாரும் பெறாத பிள்ளையா', 'குழந்தைக்காகச் சிரி' எல்லாமே அந்த ரகம்தான். அவர் ஏற்கெனவே சுமக்கிற குற்றவுணர்வில் இன்னொரு படி அரிசி அளந்து போடுகிற பேச்சுகள். 'இது நோய், உன் தப்பு இல்லை. நான் இங்கேதான் இருக்கேன்' — இது போதும். பிறகு சும்மா பக்கத்தில் இருங்கள். 'ஏதாவது உதவி வேணுமா?' என்று கேட்பதும் உதவாது, யோசித்துப் பதில் சொல்வதே அவருக்கு மலை. 'நான் குழந்தையைக் குளிப்பாட்டக் கொண்டுபோறேன், நீ படு' என்று செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எங்களுக்கு இரண்டாவதும் பெண். அதிலிருந்துதான் மனைவி பேச்சையே குறைத்துக்கொண்டாள். வீட்டில் யாரும் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.
— வாசகர், கோட்டையூர்

சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆண் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்த பேரை யாரும் உச்சரிக்காமல் இருந்தாலே அவருக்குக் கேட்டிருக்கும். வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களாகத் தெரிந்தவற்றில் நான்கு: வறுமை, மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைவேலைக்கு ஆள் இல்லாமை. நான்கில் மூன்று உங்கள் வீட்டுக்குள்ளேயே தீரக்கூடியவை. எல்லோரும் இருக்கும்போது, அவர் காதுபட, 'எங்களுக்கு இவள் போதும்' என்று நீங்கள் சொல்லுங்கள். அடுத்ததைப் பற்றி யாராவது எடுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் டாக்டர்.

மனைவி குணமாக வேண்டும் என்று தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இப்போது குழந்தைக்கு மூன்று மாதம். போகலாமா?
— வாசகர், குன்றக்குடி

இந்த வருடம் வேண்டாம். நகரத்தார் காவடியோடு நடந்தால் வீட்டை விட்டு எத்தனை நாள் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை இரவும் அவர் தனியாக விழித்திருப்பார். அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முருகன் வட்டி கேட்க மாட்டான்.

ஆனால் பக்தியை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை. பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே போகலாம். சாமி கும்பிட்டே வளர்ந்த பெண்ணுக்கு, தீட்டு என்று நாற்பது நாள் விளக்கேற்றவும் விடாமல் வைப்பது பிடிமானத்தைப் பிடுங்குவது மாதிரி. வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், நீங்கள் சாமி அறையில் விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த பதிகத்தை அவர் படுத்திருக்கும் இடத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். நாற்பது கழிந்ததும் பிள்ளையார்பட்டிக்கோ காரைக்குடி கொப்புடைய அம்மன் கோயிலுக்கோ கூட்டமில்லாத வார நாளில், நடை திறந்தவுடன் அழைத்துப் போய் அரை மணியில் திரும்புங்கள். அவர் 'மனசு வரலை' என்றால் விட்டுவிடுங்கள். கும்பிட முடியாதது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. 'சாமிக்கே ஆகாதவளாயிட்டேன்' என்று நினைக்க விடக் கூடாது. பால் கொடுக்கும் காலத்தில் விரதமும் முழுப் பட்டினியும் அவருக்கு வேண்டாம், நீங்கள் வேண்டுமானால் இருங்கள். குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணி மூட்டம் கூடாது.

டாக்டர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார். பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று என் அம்மா தரவிடவில்லை.
— வாசகர், கானாடுகாத்தான்

பாலில் போவது மிகச் சிறிய அளவு. பால் கொடுக்கும் தாய்மாருக்கு டாக்டர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அம்மாவையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய் அவரையே கேட்க வையுங்கள், உங்கள் வாயால் சொன்னால் எடுபடாது. முதல் வாரம் குமட்டல், தலைவலி வரலாம். பலன் தெரிய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். 'பத்து நாளாச்சு, ஒண்ணும் இல்லை' என்று விடுகிறவர்களும், நன்றாகிவிட்டது என்று மறு மாதமே நிறுத்துகிறவர்களும்தான் திரும்ப விழுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே தெரிவியுங்கள்.

பிரசவமாகி எட்டு நாள். இரண்டு நாளாக மனைவி தூங்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. யாரோ பேசுவது கேட்கிறது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்கிறாள்.
— வாசகர், புதுவயல்

உங்களுக்குத் தொலைபேசியில் உடனே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே: இது மனச்சோர்வு இல்லை, பிரசவ கால மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். பூசாரி, ஜோசியர், நாளை பார்க்கலாம் எதுவும் வேண்டாம்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊருக்கு வர இன்னும் நான்கு மாதம். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
— வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் தேவகோட்டை)

முடிந்தால் விடுப்பை முன்னால் இழுங்கள். முடியாதென்றால், இரவு குழந்தையைப் பார்க்க ஒரு அம்மாளைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். பொம்மை, நகை அனுப்புவதைவிட இந்தப் பணம் உதவும். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். இங்கே அவர் பால் கொடுத்து முடிக்கும் இரவு 8 மணி, உங்களுக்கு 10.30. 'குழந்தையைக் காட்டு' என்று ஆரம்பிக்காமல் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று ஆரம்பியுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் வீடியோ அழைப்பில் இருங்கள். ஊரில் அவர் நம்புகிற ஒருவர், அக்காவோ தோழியோ, வாரம் இரண்டு முறை நேரில் போய்ப் பார்த்து உங்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல ஏற்பாடு வேண்டும். வீடியோவில் முகம் கழுவிச் சிரித்துவிடலாம். தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதுண்டு. தனியறையில் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் எரிச்சல் வந்தால், நீங்களும் அங்கே ஒரு டாக்டரைப் பாருங்கள்.