வகுப்பறைக்கு டிவி, லேப்டாப்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல பள்ளிகளுக்கு நிதி விண்ணப்பம் எழுத உதவிவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பதில்கள்.

ஈராசிரியர் பள்ளி, 58 பிள்ளைகள். ஒரு டிவி வாங்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? – இடைநிலை ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள் டீச்சர். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் பள்ளி மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போகும். மிச்சத்தில் சாக்பீஸ், பெயின்ட், மின் பழுது எல்லாம் பார்த்தபின் டிவிக்குப் பெரிதாக மிஞ்சாது. 2024-25இல் இந்தத் திட்டத்துக்கான தன் பங்கை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததையும் பார்த்தோம். அதனால் இந்தப் பணத்தை வயரிங், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு ஆகியவற்றுக்கு வைத்துக்கொண்டு, டிவியை வெளியே கேளுங்கள். அறை தயாராக இருக்கிறது என்று போட்டோவோடு காட்டும் பள்ளிக்குக் கொடுக்க எவரும் தயங்குவதில்லை.

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்டுப் பல கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டோம். பதிலே இல்லை. – பட்டதாரி ஆசிரியர், திருவள்ளூர் மாவட்டம்

எந்தக் கம்பெனிக்கு எழுதினீர்கள் என்பதே முதல் கேள்வி சார். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றையாவது முந்தைய நிதியாண்டில் எட்டிய கம்பெனிதான், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் செலவிட வேண்டும். அந்தச் செலவில் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. எனவே சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புவதைவிட, உங்கள் ஒன்றியத்தில் இருக்கும் ஆலையின் மனிதவள அதிகாரியை நேரில் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, பணமாகக் கேட்காதீர்கள். கம்பெனி இன்னோர் அமைப்பு வழியாகச் செலவு செய்தால், அந்த அமைப்பு சி.எஸ்.ஆர். பணிக்காக அரசிடம் பதிவு செய்து பெற்ற சி.எஸ்.ஆர்.-1 எண் வேண்டும். மேலாண்மைக் குழுவுக்கு அது கிடையாது. கம்பெனியே டிவியை வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

காலமும் முக்கியம். ஆண்டுத் திட்டத்தை இயக்குநர் குழு முடிவு செய்யும் நிதியாண்டுத் தொடக்கத்திலேயே கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான கடிதங்கள் "மாணவர்களின் எதிர்காலம் ஒளிமயமாக" என்று தொடங்கி அப்படியே முடிகின்றன. படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 46 பேர் ஒரே அறையில் படிக்கிறார்கள். கிழக்கு ஜன்னல் வெயிலில் ப்ரொஜெக்டர் படம் பதினோரு மணி வரை தெரிவதில்லை. எனவே 55 அங்குல டிவி ஒன்று, ஸ்டெபிலைசர், சுவரில் மாட்டும் செலவு ஆகியவற்றைக் கோருகிறோம். மூன்று விலைப்புள்ளிகள் இணைப்பில். கிரில் கதவு பள்ளிச் செலவில் போட்டாயிற்று. மின் கட்டணம், பராமரிப்பு எங்கள் பொறுப்பு."

ஒரே பக்கம் போதும். தீர்மான நகல், யுடைஸ் எண் (பள்ளியின் அடையாள எண்), தலைமையாசிரியர் கையெழுத்து சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் ஆலையே கிடையாது, மலைக் கிராமம். – தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

உங்களைப் போன்றவர்களுக்கு "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம்தான் நல்ல வழி. 2022 டிசம்பரில் தொடங்கியது. பள்ளியின் தேவையை அதன் இணையதளத்தில் ஏற்றினால், எங்கோ இருக்கும் கொடையாளர்கூட உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். எழுதும்போது "கணினி உபகரணங்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் எண்ணிக்கை, விலையோடு போடுங்கள்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் இருக்கிறது, தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. பரிந்துரை அவருடையது, நிர்வாக அனுமதி ஆட்சியருடையது. மலைப் பள்ளிப் பிள்ளைகள் இதற்காகக் கடைசி வரிசையில் நிற்கக் கூடாது, தயங்காமல் போய்க் கேளுங்கள்.

ஊரில் என் ஜிபே எண்ணைக் கொடுத்து வசூல் செய்யலாமா? – ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்ததே நாளைக்கு விசாரணையாக வந்து நிற்கும். மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு, ரசீது, தீர்மானம் இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

முன்னாள் மாணவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பணம் அனுப்பலாமா? – ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் அவற்றில் சேர்க்கப்பட்டார்கள். உள்ளூரில் இருக்கும் அவர்களை வைத்தே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

நாங்கள் அரசு உதவிபெறும் பள்ளி. எங்களுக்கும் சி.எஸ்.ஆர். நிதி கிடைக்குமா? – ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

சி.எஸ்.ஆர். உங்களுக்கும் உண்டு. பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமானவரிப் பதிவுகளும் சி.எஸ்.ஆர்.-1 எண்ணும் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இருந்தால் பணமாகவே வாங்கலாம்.

யாரோ கொடுத்த ஸ்மார்ட் போர்டு பழுதாகி மூலையில் கிடக்கிறது. இன்னொன்று கேட்டால் தருவார்களா? – ஆசிரியை, சேலம் மாவட்டம்

புதிதாகக் கேட்கும் முன் பழையதைப் பாருங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறதா? பல நேரம் போர்டு நன்றாகத்தான் இருக்கும், மின்னழுத்தம் ஏறி இறங்கி பவர் சப்ளை மட்டும் போயிருக்கும். பழுது பார்க்கும் செலவைப் பள்ளி மானியத்திலிருந்து எடுக்கலாம். சரியானதும், பிள்ளைகள் அதில் பாடம் படிக்கும் போட்டோ ஒன்றைக் கொடுத்தவருக்கே அனுப்பிவிட்டு, அடுத்த தேவையை அவரிடமே கேளுங்கள். இனி கேட்கும் ஒவ்வொரு பொருளோடும் ஸ்டெபிலைசரையும் மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்தே விலைப்புள்ளி வாங்குங்கள்.