தொண்டை வரைக்கும் வந்த சொல்: மனம் பற்றிச் சில கேள்வி பதில்

கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். மனம், சிந்தனை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்க மருந்து ஏறினால் ஆளே இல்லாமல் போகிறார், இறங்கினால் திரும்பி வருகிறார். மூளைதான் மனம் என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன். அப்புறம் தத்துவத்துக்கு இதில் என்ன வேலை?

பதில்: நீங்கள் பார்ப்பது பலமான சான்றுதான். மனம் இடத்தை அடைக்காத பொருள், உடல் இடத்தை அடைக்கும் பொருள், இரண்டும் வேறு என்று 1641-ல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் வாதிட்டார். 1643 மே மாதம் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்கு ஒரு கடிதம் போட்டார். ஒன்றைத் தள்ள வேண்டுமென்றால் அதைத் தொட வேண்டும். இடமே அடைக்காத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்பதுதான் கேள்வி. அப்போது அவருக்கு வயது 24. தெகார்த் திரும்பத் திரும்ப எழுதியும் அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை. மூளைக்கு நடுவே இருக்கும் பீனியல் சுரப்பி வழியாகத்தான் ஆன்மா வேலை செய்கிறது என்று 1649-ல் புத்தகமே போட்டார். சுரப்பி எத்தனை சின்னதானால் என்ன, அதையும் தொட்டுத்தானே அசைக்க வேண்டும்? என் கணக்கில் இளவரசி ஜெயித்துவிட்டார்.

ஆனாலும் உங்கள் மயக்க மருந்து, மூளை இல்லாமல் மனம் இயங்காது என்பது வரைதான் காட்டுகிறது. தந்தி அறுந்தால் வீணையின் இசை நிற்கும். அதற்காகத் தந்தியும் இசையும் ஒன்று என்று சொல்லிவிட மாட்டோம். தத்துவத்துக்கு வேலை அந்த இடைவெளியில்தான்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை. நம்மவர்கள் எல்லோரும் ஆன்மா கட்சிதானே ஐயா?

பதில்: இல்லவே இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், பல சமயவாதிகளிடம் மணிமேகலை கேட்டுக்கொண்டே போகிற காதையில் பூதவாதி என்று ஒருவன் வருகிறான். ஆத்திப்பூவும் வெல்லமும் மற்றதும் சேர்ந்தால் கள்ளின் களிப்பு பிறக்கிற மாதிரி, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான். பூவில் போதை இல்லை, வெல்லத்திலும் இல்லை, சேர்ந்தால் வருகிறது. நரம்பணு ஒவ்வொன்றுக்கும் நினைவு கிடையாது, கோடிக்கணக்கில் கூடினால் உண்டு என்று இன்று சொல்கிறவர்களின் வாதமும் ஏறக்குறைய இதுதான்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. போதை என்பதே குடித்தவனுக்குத் தெரிகிற ஒன்று. குடிக்க ஆளே இல்லாவிட்டால் பானையில் இருப்பது வெறும் திரவம். உணர்வை விளக்க வந்த உவமை, உணர்வுள்ள ஒருவனை ஏற்கெனவே உள்ளே உட்கார வைத்திருக்கிறது. மணிமேகலை வேறு பக்கமாக மடக்குகிறாள். நேரில் காண்பதை மட்டுமே நம்புகிறவன் அந்தப் பூதவாதி. உன் தாய் தந்தையை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்கிறாள்.

கேள்வி: அண்ணா, நான் தமிழில்தான் யோசிக்கிறேன். அப்படியானால் மொழி இல்லாமல் சிந்தனையே கிடையாதா?

பதில்: ஒருவர் பெயரை மறந்துவிட்டு "தொண்டை வரைக்கும் வருது" என்று தவிக்கும்போது கவனியுங்கள். குமாரா? இல்லை. குமரேசனா? அதுவும் இல்லை. சரியான சொல் கையில் இல்லை, தப்பானதை மட்டும் எப்படித் தள்ளுகிறீர்கள்? தேடப்படுவது சொல்லுக்கு முன்னாலேயே அங்கே இருக்கிறது. ஐன்ஸ்டைனும் தம் சிந்தனையில் சொற்களுக்குப் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று கணித அறிஞர் அடமாருக்கு எழுதினார்.

எல்லோர் தலையும் ஒரே மாதிரியும் இல்லை. காலையில் சாப்பிட்ட மேஜையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள் என்று ஆங்கிலேய அறிவியலாளர் கால்டன் பலரிடம் கேட்டு 1880-ல் எழுதினார். படமே வரவில்லை என்றவர்களும் இருந்தார்கள். அந்த நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தது 2015-ல்தான்.

கேள்வி: சாட்ஜிபிடி யோசிக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்.

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது. கேள்வி இரண்டு. வேலையைப் பற்றியது ஒன்று: காரணம் காட்டுகிறதா, கணக்குப் போடுகிறதா? 1950-ல் கணினியியல் முன்னோடி ட்யூரிங் இதை மட்டும் கேட்டால் போதும் என்றார். 1980-ல் தத்துவவாதி சேர்ல் ஓர் அறையைக் கற்பனை செய்தார். உள்ளே இருப்பவருக்குச் சீனம் தெரியாது; விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளைச் சரியாகப் பதிலாகத் தள்ளுகிறார். வெளியே இருப்பவருக்கு அவர் சீனப் புலவர். விதியைப் பின்பற்றுவது புரிந்துகொள்வது ஆகாது என்பது சேர்லின் முடிவு. ஆள் அல்ல, அறை மொத்தமும் புரிந்துகொள்கிறது என்பார் எதிர்க்கட்சி. நான் அந்தப் பக்கம் பாதி சாய்வேன். ஆனால் சாட்ஜிபிடிக்கு வலிக்குமா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதற்கு "ஆமாம்" சொன்னதால் இதற்கும் சொல்லியாக வேண்டியதில்லை.

கேள்வி: அந்த இரண்டாவதற்கு எப்போது விடை கிடைக்கும்?

பதில்: நனவை, அதாவது வலி போன்றவற்றை உள்ளே உணர்வதை, மூளை உண்டாக்கும் வழி 25 ஆண்டில் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கோக், தத்துவவாதி சால்மர்ஸிடம் 1998-ல் பந்தயம் கட்டினார். 2023-ல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார்.

கேள்வி: ராத்திரி படுத்தால் யோசனை நிற்க மாட்டேங்குது சார். என்ன செய்ய?

பதில்: இது என் பாடம் இல்லை. எனக்கும் நிற்பதில்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள்.