ஸ்டெப்மதரில் படி இல்லை

ஐயா, மகன் தரம் 6 படிக்கிறான். 'ஸ்டெப்மதர்' என்ற சொல்லில் எத்தனை அசை என்று டியூசனில் கேட்டிருக்கிறார்கள். மூன்று என்று எழுதியவனுக்குப் பிழை போட்டு, இரண்டு என்று திருத்தியிருக்கிறார்கள். எது சரி? தாய்க்கு ஒரு படி கீழே என்பதால்தான் 'ஸ்டெப்' என்கிறார்களா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் எழுதியதுதான் சரி. ஸ்டெப்–ம–தர், மூன்று. திருத்தியவர் சொல்லின் உறுப்புகளை எண்ணிவிட்டார் போலிருக்கிறது: ஸ்டெப், மதர் என்று இரண்டு. உறுப்பைப் பொருள் பார்த்துப் பிரிக்கிறோம், அசையைக் காதால்தான் எண்ண வேண்டும். 'டீச்சர்' என்பதில் கடைசித் துண்டைக் கழற்றினால் 'டீச்' என்ற வினை மிஞ்சும். மதரில் அப்படிக் கழற்றினால் கையில் ஒன்றும் மிஞ்சாது; அதனால் அது ஒரே உறுப்பு, ஆனால் காதுக்கு இரண்டு அசை.

ஆனால் அவர் மேல் முழுப் பிழையும் சொல்ல மாட்டேன். 'அசை' என்ற சொல்லே ஆளைக் கவிழ்த்துவிடும். நம் யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், இரண்டு குறில் அடுத்தடுத்து வந்தால் (குறிலிணை) அவை சேர்ந்து ஒரே அசை. அந்தக் கணக்கில் 'ஸ்டெப்' நேரசை, 'மதர்' நிரையசை, இரண்டும் சேர்ந்தால் கூவிளம் என்ற சீர்! வெண்பா எழுதுகிறவருக்கு இரண்டேதான். ஆங்கிலப் பாடத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

எண்ணிக்கையை விட அழுத்தத்தைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். காலி வீதி பஸ்ஸில் 'பம்–ப–லப்–பிட்–டி' என்று நடத்துநர் எந்த இடத்தில் அழுத்தினாலும், எதை இழுத்தாலும் பம்பலப்பிட்டி பம்பலப்பிட்டிதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'ரெக்கோர்ட்' என்பதில் முன்பகுதியை அழுத்தினால் பெயர், பின்பகுதியை அழுத்தினால் வினை. ஸ்டெப்மதரில் முழு அழுத்தம் 'ஸ்டெப்' மேல் விழும், 'ம' அதற்கு அடுத்தது, 'தர்' பாதி விழுங்கப்படும். மகன் 'இஸ்டெப்' என்று தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அசை நான்காகிவிடும். அதில் அவன் குற்றமில்லை, மெய்யெழுத்தில் சொல் தொடங்குவது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை.

சரி, படிக்கு வருவோம். இந்த 'ஸ்டெப்' மாடிப்படி அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோப்' என்று இருந்த முன்னொட்டு; பறிகொடுத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. 'ஸ்டியோப்சில்ட்' என்றால் அநாதைப் பிள்ளை. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஷ்டீஃப்முட்டர்' என்கிறார்கள். படியைக் குறிக்கும் சொல் வேறு வேரிலிருந்து வந்தது, காலப்போக்கில் இரண்டும் ஒரே உச்சரிப்பில் வந்து நின்றுவிட்டன. ஆக அந்தச் சொல் முதலில் பேசியது தாயை இழந்த பிள்ளையின் நிலையை. வந்தவளின் தகுதியை அல்ல.

நம் வீடுகளில் 'மாற்றாந்தாய்' என்று யார் கூப்பிடுகிறார்கள்? சின்னம்மாதான். தாயின் தங்கையையும் அப்படித்தான் அழைக்கிறோம். அக்கா இறந்த வீட்டுக்குத் தங்கையையே கட்டிக்கொடுத்த காலத்தில், பிள்ளைகள் கூப்பிடும் முறையை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.